பட்டை குக்கீ கல்லாகிப் போவது ஏன்?

கேள்வி இதுதான்: “வீட்டில் பட்டை குக்கீ செய்கிறேன். பத்து நிமிடத்தில் ஓவனைத் திறந்து தொட்டுப் பார்த்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. வேகவில்லை என்று மறுபடி உள்ளே வைக்கிறேன். நன்றாகச் சிவந்த பிறகு எடுத்தால், சூடாக இருக்கும்போது அருமையாக இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கல். வெண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், பால் சேர்த்துப் பார்த்தேன், மாறவில்லை. எங்கே தப்பு?”

தப்பு “மறுபடி உள்ளே வைக்கிறேன்” என்ற இடத்தில் இருக்கிறது. வெண்ணெயையும் பாலையும் குற்றம் சொல்ல வேண்டாம். நீங்கள் முதலில் திறந்து பார்த்தீர்களே, பஞ்சு மாதிரி அமுங்கியது என்று, அப்போதே அது தயார்.

சூடான குக்கீ எதுவாக இருந்தாலும் மெத்தென்றுதான் இருக்கும். உள்ளே இருக்கும் வெண்ணெய் அந்த நேரத்தில் எண்ணெயாக உருகிக் கிடக்கிறது. சர்க்கரை பாகாக இருக்கிறது. ஆறும்போது வெண்ணெய் இறுகும், பாகு கெட்டிப்படும், மாவு ஒரு வடிவத்துக்கு வரும். அதனால் ஓவனுக்குள் இருக்கும் குக்கீயை விரலால் அமுக்கி, கெட்டியாகிவிட்டதா என்று பார்ப்பது ஏமாற்றும் சோதனை. ஓவனிலேயே கெட்டியாகத் தெரிந்தால், ஆறிய பிறகு அதை உடைக்கத்தான் வேண்டும்.

பட்டை குக்கீயில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. சாதாரண குக்கீ என்றால் “பொன்னிறமானதும் எடுக்கவும்” என்பார்கள், அது ஓரளவு சரி. இங்கே மாவிலேயே பட்டைத்தூள், பிரவுன் சுகர். மேலே உருட்டுவதும் பட்டைச் சர்க்கரை. ஓவனுக்குள் போகும்போதே அது பழுப்பாகத்தான் போகிறது. அதில் பொன்னிறத்தை எங்கே தேடுவது? கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் போய்விடும். மெத்தென்ற குக்கீக்கும் மொறுமொறு குக்கீக்கும் இடையே இருப்பதே அந்த இரண்டு மூன்று நிமிடம்தான்.

நிறத்தை விடுங்கள், பளபளப்பைப் பாருங்கள். பச்சை மாவுக்கு ஒரு ஈரப் பளபளப்பு உண்டு. வேகும்போது அது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மறைந்துகொண்டே வரும். சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு அந்தப் பளபளப்பு போய், ஓரம் உருவம் பிடித்திருக்க வேண்டும். நடு உப்பலாக, விரிசல்களுக்குள் இன்னும் கொஞ்சம் ஈரமாகத் தெரிய வேண்டும். தட்டையான கரண்டியால் ஒன்றின் ஓரத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பாருங்கள்: ஓரம் உடையாமல் எழுந்து, நடு தொய்ந்து நின்றால் எடுத்துவிடலாம். “ஐயோ, நடு பச்சையாக இருக்கிறதே” என்று மனசு சொல்லும். அதைக் கேட்காதீர்கள்.

எடுத்ததும் ட்ரேயை விட்டு நகர்த்தாதீர்கள். சூடான ட்ரேயில் ஐந்து முதல் ஏழு நிமிடம் அப்படியே இருக்கட்டும். அந்தச் சூட்டில் நடுப்பகுதி வெந்து முடியும். உப்பி நின்ற நடு அப்போது மெல்ல அமுங்கி, மேலே விரிசல் விழுந்த முகம் வரும். அதற்குப் பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள். ஓவனில் வேகும் நேரம், ட்ரேயில் வேகும் நேரம் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. நானும் ஆரம்பத்தில் இரண்டாவதைக் கணக்கில் எடுக்காமல், “எதற்கும் இருக்கட்டும்” என்று கூடுதலாக இரண்டு நிமிடம் வைத்து ட்ரே ட்ரேயாகப் பாழாக்கியிருக்கிறேன். ஒரு நாள் பொறுமை போய், ஒரே மாவில் ஐந்து உருண்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, மறுநாள் வரிசையாகத் தின்று பார்த்தேன். ஒன்பதும் பத்தும் மெத்தென்று இருந்தன. பன்னிரண்டாம் நிமிடத்து குக்கீ தேநீரில் நனைக்க மட்டும் உதவியது. அன்று சூடாக இருக்கும்போது ஐந்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

உங்கள் ஓவனில் அந்த நிமிடம் எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. 175 டிகிரி செல்சியஸ், 30 கிராம் உருண்டை என்றால் ஒன்பதிலிருந்து பதினொரு நிமிடத்துக்குள் வரும். முழு ட்ரேயையும் பணயம் வைக்காமல், முதலில் இரண்டே இரண்டு உருண்டைகளை ஒன்பது நிமிடம் வைத்து எடுத்து, முழுக்க ஆறவிட்டுத் தின்று பாருங்கள். பிறகு மிச்சத்துக்கு அரை நிமிடம் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யலாம். ஒவ்வொரு நிமிடமும் கதவைத் திறந்து பார்க்க வேண்டாம், திறக்கிற போதெல்லாம் சூடு இறங்கும். வீட்டு ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி விலகி நிற்பது சாதாரணம். உள்ளே வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 15 முதல் 20 டிகிரி குறைத்து வையுங்கள். குறைந்த சூட்டில் ரொம்ப நேரம் வைத்தால் மென்மை வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது நேர் எதிர்: மாவு உருவம் பிடிப்பதற்குள் வெண்ணெய் உருகிப் பரவிவிடும், ஈரமும் நிதானமாக வெளியேறிவிடும்.

சரி, எடுக்கும் நேரம் ஒரு பக்கம். எடுத்த பிறகும் இரண்டு மூன்று நாள் மெத்தென்று இருக்க, மாவுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள்கள் வேண்டும். நான் வைத்திருக்கும் அளவு, சுமார் 18 குக்கீக்கு: உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 100 கிராம், வெள்ளைச் சர்க்கரை 50 கிராம், ஒரு முழு முட்டை, கூடவே இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும், மைதா 200 கிராம், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், க்ரீம் ஆஃப் டார்ட்டர் ஒன்றேகால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், வெண்ணிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், பட்டைத்தூள் ஒரு டீஸ்பூன். மேலே உருட்ட, வெள்ளைச் சர்க்கரை 40 கிராமுடன் பட்டைத்தூள் இரண்டு டீஸ்பூன்.

இதில் மென்மைக்கு அதிகம் உழைப்பது பிரவுன் சுகர். அதில் மொலாசஸ், அதாவது கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கருத்த பாகு, இருக்கிறது. மொலாசஸில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், சர்க்கரை மறுபடி படிகமாக இறுகுவதையும் தடுக்கும். முழுக்க வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் ஆறிய பிறகு அது படிகமாகி, கடித்தால் உடையும் குக்கீயாக வரும். பிரவுன் சுகர் இல்லை என்றால் 100 கிராம் வெள்ளைச் சர்க்கரையோடு ஒரு மேசைக்கரண்டி மொலாசஸைப் பிசிறினால் போதும். தேனும் உதவும். ஆனால் தேன் சேர்த்த குக்கீ சீக்கிரம் கருகும், ஒரு நிமிடம் முன்னதாகவே கண் வையுங்கள். முழுக்கப் பிரவுன் சுகரே போட்டால் இன்னும் மெத்தென்று வராதா என்று கேட்பீர்கள். வரும், ஆனால் ஓரத்தில் அந்த லேசான மொறுமொறுப்பு இருக்காது. எனக்கு அது வேண்டும், அதனால் கொஞ்சம் வெள்ளை.

கூடுதல் மஞ்சள் கரு எதற்கு? அதில் இருக்கும் கொழுப்பும் லெசித்தினும் மென்மை தரும். வெள்ளைக்கரு வெந்தால் இறுகிக் காயும் குணம் கொண்டது. குக்கீ காய்கிறது என்று இரண்டு முழு முட்டை போட்டால் கேக் மாதிரி உப்பிப் போகுமே தவிர, நீங்கள் தேடும் மென்மை வராது. நீங்கள் பால் சேர்த்தபோதும் இதுதான் நடந்திருக்கும். பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஓவனில் கூடுதல் நேரம் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும், பிடித்து வைக்கத்தான் ஆள் இல்லை. வெண்ணெயைக் கூட்டினால் குக்கீ பரந்து மெலியும். மெலிந்தது சீக்கிரம் காயும். இரண்டுமே மாறவில்லை என்று நீங்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை.

மாவை எடை போடுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு கப் மைதாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு நிரப்பினால் 120, 125 கிராம் வரும். அதே கப்பை டப்பாவுக்குள் அழுத்தி முகந்தால் 150 கிராமைத் தாண்டும். நீங்கள் ஒன்றரை கப் போட்டால் ஒரு கைப்பிடி மாவு கூடுதலாகப் போயிருக்கும், அது உள்ளே இருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். எவ்வளவு சரியான நேரத்தில் எடுத்தாலும் அந்த குக்கீ வறண்டுதான் இருக்கும்.

க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்பது க்ரீமும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு வெள்ளைத் தூள். திராட்சை மது தயாரிப்பில் பீப்பாய்களின் உட்புறம் படியும் உப்பிலிருந்து எடுக்கப்படும் அமிலம். பேக்கிங் சோடாவோடு சேர்ந்து வாயுவை உண்டாக்கி மாவை உப்பவைக்கும். கூடவே நாக்கில் ஒரு மெல்லிய புளிப்பு விடும். பட்டையின் காரத்தோடு அந்தப் புளிப்பு சேர்வதுதான் அமெரிக்கர்கள் ஸ்னிக்கர்டூடுல் என்று சொல்லும் குக்கீயின் அடையாளம். கிடைக்கவில்லை என்றால் சோடாவையும் அதையும் இரண்டையும் விட்டுவிட்டு ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடுங்கள். புளிப்பு இருக்காது, குக்கீ நன்றாகவே வரும். சோடாவை மட்டும் அதிகமாக அள்ளிப் போடாதீர்கள். சோப்பு வாடை அடிக்கும், சீக்கிரம் கருக்கும்.

இனி பட்டைக்கு வருவோம். பலரும் கவனிக்காத விஷயம்: பட்டைத்தூள் என்பது அரைத்த மரப்பட்டை. அது தண்ணீரை நன்றாக உறிஞ்சும். ஒரு ஸ்பூன் பட்டைத்தூளில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி வைத்துப் பாருங்கள், கொழகொழவென்று ஊறி நிற்கும். வாசனை தூக்கலாக வேண்டும் என்று மாவில் மூன்று நான்கு டீஸ்பூன் கொட்டினால், மாவுக்குள் இருக்க வேண்டிய ஈரத்தை அது எடுத்துக்கொள்ளும், கடைசியில் வாயில் மரத்தூள் சுவையும் தட்டும். மாவில் குறைவாக, மேலே தாராளமாக என்பது என் கணக்கு. மூக்குக்கும் நாக்குக்கும் முதலில் படுவது மேல்பூச்சுதானே.

மாவில் சேர்க்கும் அந்த ஒரு டீஸ்பூனையும் மைதாவோடு கலக்காமல், வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதே சேர்த்துவிடுங்கள். பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு கொழுப்பில் நன்றாகக் கரையும். வெண்ணெயில் இறங்கிய மணம் குக்கீ முழுக்கப் பரவும். அதே அளவு பட்டைக்கு வாசனை கூடுவதை முதல் தடவையே உணர்வீர்கள்.

எந்தப் பட்டை? இரண்டு வகை புழக்கத்தில் உண்டு. இலங்கைப் பட்டை காகிதம் போல மெல்லிய பல அடுக்குகள் சுருண்டு, சுருட்டு மாதிரி இருக்கும், விரலால் நொறுக்கலாம். காசியா தடித்த ஒரே பட்டை, இரும்பு மாதிரி கடினம், இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கிச் சுருண்டிருக்கும். காசியாவுக்குக் காரமும் வீச்சும் அதிகம், இலங்கைப் பட்டைக்கு மணம் மென்மை, ஒரு இனிப்பும் உண்டு. ஓவன் சூட்டையும் இவ்வளவு சர்க்கரையையும் தாண்டி மணக்க வேண்டும் என்பதால், சுவையை மட்டும் பார்த்தால் இந்த குக்கீக்குக் காசியாதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இலங்கைப் பட்டை என்றால் மேல்பூச்சில் ஒன்றரை மடங்கு போடுவேன்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். காசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு. தொடர்ந்து அதிகமாகப் போனால் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். இலங்கைப் பட்டையில் அது மிக மிகக் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 2 மில்லிகிராம். மேலே சொன்ன அளவில் ஒரு குக்கீக்கு அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவான பட்டைத்தூள் போகிறது. காசியாத் தூளில் கிராமுக்குச் சில மில்லிகிராம் கூமரின் இருக்கக்கூடும் என்பதால், குழந்தைக்கு ஒன்றிரண்டு குக்கீயிலேயே அந்த வரம்பு வந்துவிடலாம். எப்போதாவது செய்து தின்பதற்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. வாரம் முழுக்கக் குழந்தைகள் டப்பாவைத் திறந்துகொண்டே இருக்கும் வீடு என்றால் இலங்கைப் பட்டைக்கு மாறிவிடுங்கள்.

எந்த வகையானாலும் தூள் புதிதாக இருக்க வேண்டும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசனைக்காக மூக்கை அருகில் கொண்டுபோக வேண்டியிருந்தால் அது பழையது. வீட்டில் அரைத்தால் டீ வடிகட்டியில் சலித்துவிடுங்கள், இல்லையென்றால் நறநறக்கும்.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில், ஆனால் எண்ணெய் மினுமினுப்பு இல்லாமல், குளிர்ச்சியாகவே இருக்கட்டும். 18, 20 டிகிரி போதும். அதோடு இரண்டு சர்க்கரையும் பட்டையும் சேர்த்து இரண்டு நிமிடம் அடியுங்கள். ரொம்ப நேரம் அடித்தால் காற்று அதிகம் ஏறி, ஓவனில் உப்பிப் பிறகு தட்டையாக விழும். முட்டை, மஞ்சள் கரு, வெண்ணிலா போட்டுக் கலந்து, பிறகு சலித்த மைதா, சோடா, டார்ட்டர், உப்பு. காய்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் குளூட்டன் என்ற புரதப் பின்னல் உருவாகி மாவு இழுவையாகும்.

மாவு கையில் ஒட்டும். அதற்காக மைதா தூவாதீர்கள், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். வெண்ணெய் இறுகும், மாவு ஈரத்தை நிதானமாக உள்வாங்கும், ஓவனில் பரவாமல் தடிமனாக நிற்கும். தடிமன்தான் நடுவில் ஈரத்தைக் காக்கிறது. ஒரு நாள் முழுக்க வைத்தாலும் கெடாது, சுவை கூடவே செய்யும். ஆனால் பட்டைச் சர்க்கரையில் உருட்டிய பிறகு ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். சர்க்கரை மாவிலிருந்து ஈரத்தை இழுத்து, மேலே பிசுபிசுவென்று கரைந்துபோயிருக்கும். ஓவன் சூடாகி, ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரித்த பிறகு உருட்டினால் போதும். உருண்டையை அமுக்கித் தட்டையாக்க வேண்டாம். இடையே ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள். இரண்டாவது தவணையைச் சூடான ட்ரேயிலேயே வைத்தால் அடி உருகி வழிந்துவிடும், ட்ரே ஆறட்டும்.

முட்டை சேர்க்காதவர்கள், முட்டைக்கும் மஞ்சள் கருவுக்கும் பதிலாக நான்கு மேசைக்கரண்டி கெட்டித் தயிர் போட்டுச் செய்யலாம். கொஞ்சம் கேக் பக்கம் சாயும், மென்மைக்குக் குறைவிருக்காது. வெறும் மைக்ரோவேவ் மட்டும் இருக்கிறதே, அதில் செய்யலாமா என்றால், வேண்டாம். சுடும் வேலை அதில் நடக்காது, ரப்பர் மாதிரி வரும்.

ஆறியதும் டப்பாவில் போட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்து மேல்பூச்சு கரையும். ராத்திரி முழுக்கத் தட்டில் திறந்து வைத்தால் காலையில் கல்லாகியிருக்கும், அதற்கு ஓவன் பொறுப்பில்லை. காற்றுப்புகாத டப்பாவில் ஒரு ரொட்டித் துண்டைப் பேப்பரில் வைத்துக் கூடவே போட்டு மூடினால், ரொட்டியின் ஈரம் குக்கீக்குப் போகும். மறுநாள் ரொட்டி காய்ந்து கிடக்கும், குக்கீ மெத்தென்று இருக்கும். மூன்று நான்கு நாள் தாராளமாக வரும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுப்பொருள் சீக்கிரம் இறுகிப் பழையதாகும். நிறையச் செய்து வைக்க வேண்டுமானால் சுடாத உருண்டைகளாக ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டியதை எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்து, மேலே ஈரம் கசியும்போது பட்டைச் சர்க்கரையில் உருட்டி, வழக்கத்தைவிட ஓரிரு நிமிடம் கூடுதலாகச் சுடலாம்.

இப்போது உங்கள் டப்பாவில் கிடக்கும் கல் குக்கீகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரொட்டித் துண்டோடு ஒரு ராத்திரி மூடி வைத்தால் ஓரளவு இளகும். அவசரம் என்றால் ஒவ்வொன்றாக மைக்ரோவேவில் எட்டுப் பத்து நொடி வைத்து உடனே தின்றுவிட வேண்டும், ஆறினால் முன்னைவிடக் கெட்டியாகும். அதற்கும் மசியாதவற்றைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசறி, சீஸ்கேக்குக்கு அடித்தளமாகப் போடுங்கள். அந்த வேலைக்குக் கல்லாகிப்போன பட்டை குக்கீதான் நன்றாக இருக்கும்.